நிஸ்வா சந்தையில் செந்துறை முந்திரி

ஓமானின் நிஸ்வா சந்தையில் வெயில் ஏறுகிறது. ஆடுகளின் கத்தலுக்கு நடுவே, முந்திரிப் பொட்டலத்தோடு ஒரு பேரீச்சம்பழக் கடை முன் நிற்கிறேன். போன கோடையில் கட்டட வேலையில் மயங்கி விழுந்த என் தம்பியைத் தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் இந்தக் கடைக்காரர் சாலிம். அவரைத் தேடிக் கண்டுபிடித்தவர் பக்கத்து டீக்கடை அன்பழகன். செட்டிகுளத்துக்காரர், அரபி தெரிந்தவர்.

நான் யாரென்று அன்பழகன் சொன்னதும், சாலிம் பதறி ஏதோ கேட்கிறார்.

“தம்பி பொழைச்சிட்டாரான்னு கேக்குறாருங்க. மறுநாள் போய்ப் பாத்தப்ப வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்களாம். அப்பறம் ஒண்ணும் தெரியலையாம்.”

“நல்லா இருக்கான்னு சொல்லுங்க. செந்துறையில விவசாயம் பாக்குறான். இந்த முந்திரி அவன் காட்டுல வெளஞ்சதுதான்.”

செல்போனில் தம்பியின் படத்தைக் காட்டுகிறேன். சாலிம் அதை வாங்கிக்கொண்டு, கடையை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்துக் கடைகளுக்கு ஓடுகிறார்.

“என்னங்க சொல்றாரு?”

“அந்த ஆளு உயிரோட இருக்காராம், உயிரோட இருக்காராம்னு எல்லார்கிட்டயும் சொல்றாருங்க.”

திரும்பி வந்தவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்கிறார். கண் கலங்கியிருக்கிறது.

“ஷுக்ரன்,” என்கிறார். “ஷுக்ரன்.”

நன்றி சொல்வதற்காக, மஸ்கட்டில் இருக்கும் மகளிடம் நான் கற்றுக்கொண்டு வந்த ஒரே அரபிச் சொல் அது.