தகப்பனைவிட மூத்த ராஜா

அகசியா ராஜாவினால் எங்கள் வீட்டில் மூன்று வாரம் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. வேதாகமத்தில் வரும் அந்த ராஜா செத்து இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷமாகியிருந்தது. எனக்கு அப்போது பத்து வயது. எழுபதுகளின் தொடக்கம். மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவுக்கு மயிலாப்பூரில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. சித்தப்பாவுக்கு அரசாங்க வேலை கிடைப்பதாக இருந்தது. இரண்டு வருஷமாகக் கிடைப்பதாகவே இருந்தது.

சித்தப்பாவால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. காலையில் லஸ்ஸில் டைப்ரைட்டிங் வகுப்பு. மதியம் தபால்காரருக்காக வாசலுக்கும் மாடிக்கும் பத்து நடை. சாயங்காலம் அடையாறு பாலம் வரை போய்த் திரும்புவார். இடைப்பட்ட நேரத்தில் பெரிய பழுப்புத் தாளை விரித்து, அடிக்கோல் வைத்து, யூதாவின் ராஜாக்களைச் சிவப்புப் பென்சிலிலும் இஸ்ரவேலின் ராஜாக்களை நீலத்திலும் போட்டு வருஷக் கணக்கு எழுதுவார். வேதத்தில் ஓர் எண் இன்னோர் எண்ணோடு மோதினால் அது மோதலே அல்ல, நாம்தான் சரியாக அடுக்கவில்லை என்பது அவர் கட்சி. இந்த இடத்தில் பட்டாபிஷேகத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள், அந்த இடத்தில் தகப்பனும் மகனும் சேர்ந்து ஆண்டிருக்கிறார்கள் என்று எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். சர்ச்சில் ஞாயிறுதோறும் நடக்கும் ஓய்வுநாள் பள்ளியின் தேர்வுக்கு எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அதில்தான் வினை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது கேட்டேன். "அப்பா, ஒரு மகன் தன் அப்பாவைவிட ரெண்டு வயசு மூத்தவனா இருக்க முடியுமா?"

யோராம் ராஜா முப்பத்திரண்டு வயதில் பட்டத்துக்கு வந்து எட்டு வருஷம் ஆண்டு, நாற்பதில் சாகிறான். உடனே அவன் மகன் அகசியா பட்டத்துக்கு வருகிறான். ராஜாக்கள் புத்தகத்தில் மகனுக்கு இருபத்திரண்டு வயது. வேதாகமத்தின் இன்னொரு புத்தகமான நாளாகமத்தில் நாற்பத்திரண்டு.

"அது அவன் வயசு இல்லட்டி," என்றார் சித்தப்பா. "அவன் தாய்வழியில உம்ரியோட வம்சம். அந்த வம்சம் ஆள ஆரம்பிச்சு நாப்பத்திரண்டு வருசம்."

அப்பா சிரித்துவிட்டார். "எதுக்குலே இவ்வளவு சுத்துத? பாத்து எழுதினவன் கண்ணு அசந்திருக்கும். நான் தினம் பாக்கேன். ஒத்த எழுத்து மாறினா கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளையே மாறிருதான்."

"வேதத்துல தப்பு இருக்குன்னு சொல்லுதீங்களா?"

"வேதத்துல இல்ல. எழுதினவன் கையில."

அன்று அது விளையாட்டாகத்தான் தொடங்கியது. பிறகு தினமும் சாப்பாட்டு நேரத்தில் அகசியா வந்து உட்கார்ந்தான். சித்தப்பாவின் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. ஒரு நாள் தபாலில் ஒரு பழுப்பு உறை வந்தது. அதோடு அவர் அப்பாவின் அறைக்குள் போனார். நான் வெளியே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஒரு கையெழுத்துதான கேக்கேன்?"

"அது மட்டும் என்னால முடியாது."

"மனுசன் எழுதினா தப்பு வரும்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதையும் இதையும் சேத்துப் பேசாத," என்றார் அப்பா.

அதன் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சித்தப்பா தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்த் தனியாகச் சாப்பிட்டார். அம்மா ஏணிப்படியில் நின்று இரண்டு பக்கமும் குழம்பு ஊற்றினாள். எல்லாம் என் கேள்வியால் வந்தது.

நாற்பத்திரண்டு, இருபத்திரண்டு. இரண்டு வார்த்தைக்கும் தலையில் இருக்கும் இரண்டு எழுத்துதான் வித்தியாசம். அப்பாவின் மேஜையிலிருந்து பிளேடை எடுத்து, சித்தப்பாவின் வேதாகமத்தில் 'நாற்' என்பதைச் சுரண்டினேன். வெங்காயச் சருகு போன்ற காகிதம். எழுத்து போய்விட்டது, கூடவே காகிதமும் போய்விட்டது. ஓட்டைக்குப் பக்கத்தில் பென்சிலால் 'இரு' என்று எழுதி மூடிவைத்தேன்.

மறுநாள் காலை சித்தப்பா கண்டுபிடித்துவிட்டார்.

"யாரு செஞ்சா?"

"நான்தான். இப்படி ஆக்கிட்டா ரெண்டு பேரும் பேசுவீங்கள்ல?"

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு, மூச்சு முட்டச் சிரித்தார். "அண்ணே, இங்க வாங்க! ஒங்க மக ஒரு ராஜாவுக்கே இருபது வயசு கொறச்சிட்டா. ஒங்களால எனக்கு ரெண்டு வயசு கொறைக்க முடியல."

அப்பா பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வந்தார். பக்கத்தைப் பார்த்தார். வேதாகமத்தைத் தரையில் வைத்தாலே கையை ஓங்குகிறவர், அன்று என்னைத் திட்டக்கூட இல்லை. நுரை காயும் வரை அங்கேயே நின்றார். அந்த வாரம் மூன்று நாள் அச்சகத்துக்குப் போகாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கெங்கோ போய்வந்தார். என்னை என்ன செய்வதென்று போதகரிடம் கேட்கப் போகிறார் என்று பயந்து கிடந்தேன்.

ஒரு மாதம் கழித்து சித்தப்பா வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்துக்கு எழுத்தராகக் கிளம்பினார். ரிக்ஷாக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, இம்மாங் கனமா கீது? கல்லா வெச்சிக்கிற?" என்றார். அப்பா ஒரு பக்கம் பிடித்தார், சித்தப்பா மறுபக்கம். வண்டி நகரும்போது இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். என் பென்சில்தான் சமாதானம் செய்துவைத்தது என்று வெகுநாள் பெருமையாக இருந்தேன்.

நான் வேலைக்கு விண்ணப்பம் எழுதிய வருஷத்தில்தான் அம்மா சொன்னாள். தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போனபோது சித்தப்பாவுக்கு நான்கு வயது. பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஆறு வயதானால்தான் விடுதிப் பள்ளியில் எடுப்பார்கள். அப்பா ஆறு என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, வேலை தேடி மதராசுக்கு ரயிலேறினார். அந்த இரண்டு வருஷம் சான்றிதழில் ஏறிக்கொண்டது. பழுப்பு உறையில் வந்த கடிதம், வயது வரம்பு தாண்டிவிட்டது என்று சொல்லியது. அது கைதவறி விழுந்த எண் என்றால், வயதைத் திருத்தக் கேட்கும் மனுவில் அப்பா உடனே கையெழுத்துப் போட்டிருப்பார். தெரிந்தே பொய் சொன்னேன் என்றல்லவா எழுத வேண்டும்? சபையின் செயலாளர் அவர்.

வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அலைந்த அந்த மூன்று நாளில் அதை எழுதிக்கொடுத்திருக்கிறார். சரியான வயதுக்கு ஆதாரமான ஞானஸ்நானப் பதிவின் நகலுக்காகப் போதகரிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஆனால் கடைசித் தேதி போய்விட்டது என்று பதில் வந்தது.

அப்பா போதகரிடம் சொன்ன அந்த மாதம் முதல் சர்ச்சில் நாங்கள், செயலாளர் குடும்பம் உட்காரும் முன்வரிசையை விட்டுக் கடைசி வரிசைக்கு வந்துவிட்டோம். அங்கேதான் மின்விசிறிக் காற்று நன்றாக வருகிறது, அப்பா கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.