இரண்டு பூசை

போன வாரம் மகள் பெங்களூரிலிருந்து பேசினாள். அவளுக்கு இது ஏழாம் மாதம். பேச்சின் நடுவே போனில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மனைவி வசந்தா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள்.

"பயப்படாதீங்கப்பா, ரெக்கார்டிங்தான். என் பூனைக்குப் போட்டுக் காட்டுறேன். பாப்பா வர்றதுக்குள்ள இந்தச் சத்தம் அதுக்குப் பழகணுமாம்" என்று மகள் சிரித்தாள்.

வசந்தா சிரிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள். அடுப்பை அணைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அப்படி ஓர் அழுகையை நாங்களும் ஒரு காலத்தில் கேசட்டில் வைத்திருந்தோம். ஃபிஜியில், சபேட்டோவில், கரும்புக் காட்டை ஒட்டிய தகர வீட்டில். மூன்று வருட ஒப்பந்தத்தில் போன கணக்கு வாத்தியார் நான். மழை வந்துவிட்டால் அந்த வீட்டில் கூரை மட்டும்தான் பேசும், புருஷன் பெண்டாட்டி சண்டைகூட மழை விட்ட பிறகுதான். வீட்டுக்காரர் ராம்சாமி, கரும்பு விவசாயி, என் வயதுக்காரர். அவருடைய கொள்ளுத்தாத்தா மதராசில் கப்பலேறிய கூலி. நாலு தலைமுறை தாண்டி அவரிடம் மிஞ்சியிருந்தது கோயில் பாட்டு கொஞ்சமும் ஒரு கைப்பிடித் தமிழும்தான். மற்றதெல்லாம் அந்த ஊர் இந்தி. வீட்டுச் சாவியோடு இரண்டு பூனைகளையும் எங்கள் கையில் கொடுத்தார். கறுப்பனுக்குக் கருவாடு, மெலிந்த சாம்பல் நிறத்தாளுக்கு நெத்திலி என்று பேர் வைத்தோம். எங்கள் ஊர் ஏக்கம் நாக்கில்தான் இருந்தது.

வசந்தா உண்டாகியிருக்கும் செய்தி கேட்டதும் ராம்சாமி வேலியருகே என்னை நிறுத்தினார். "மாஸ்டர், பாப்பா வருது. ரெண்டு பூசையையும் கவனிக்கணும். சும்மா விட்டா பாப்பாவுக்கு ஆகாது."

வீட்டுக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். பக்கத்து டவுன் நாந்தியிலிருந்து தெரிந்த குருக்களை வரவழைத்தேன். தேங்காய், கற்பூரம், சந்தனம். மணியடிக்கும் நேரத்தில் ராம்சாமி எட்டிப் பார்த்தார்.

"என்னா விசேசம், மாஸ்டர்?"

"நீங்க சொன்ன பூசைதான்."

"அரே, இந்தப் பூசை இல்ல! பூசைன்னா பில்லி! ஒங்க ஊட்டுல ரெண்டு பில்லி இருக்குதே, அதைச் சொன்னேன்!"

குருக்களின் மணி நின்றது. வசந்தாவின் கை வயிற்றுக்குப் போனது. பில்லி என்றால் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? செய்வினை, சூனியம், எலுமிச்சம்பழம். அதற்குள் ராம்சாமி விளக்கடியில் தூங்கிய கருவாட்டைப் பிடரியில் பிடித்துத் தூக்கிவிட்டார். "இதாங்க பில்லி! இதாங்க பூசை!" அவர் ஊர் இந்தியில் பில்லி என்றால் பூனை. பூசை என்றாலும் பூனைதான், அது எந்தக் கரையிலிருந்து கப்பலேறி வந்த பழைய தமிழோ. வசந்தா சிரித்த சிரிப்பில் குருக்கள் பயந்து தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அன்றே பூனைகளுக்குப் பாடம் ஆரம்பமானது. தன் பச்சைப் புடவையை உத்தரத்தில் தூளியாகக் கட்டி, உள்ளே தலையணை போட்டாள் வசந்தா. பூனை தாவினால் கைதட்டி விரட்டுவோம். கையில் குழந்தைப் பவுடரைப் பூசிக்கொண்டுதான் தடவுவோம். அழுகைதான் குறை. அதற்கு மெரே வந்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பூர்வகுடி ஃபிஜியர் கிராமத்துக்காரி, விமான நிலையத்தில் துப்புரவு வேலை. ரெக்கார்டரை முன்னால் வைத்தால் அவள் கைக்குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தான். "மாஸ்டர்கிட்ட குடு, அழுவான்" என்றாள் இந்தியில். நான் வாங்கியதும் வீறிட்டான். கேசட்டின் இரண்டு பக்கமும் நிறைந்தது.

அந்த மே மாதம்தான் தலைநகர் சுவாவில் ஃபிஜியத் துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரைப் பிடித்து வைத்தார்கள். இந்தியர்களின் கடைகள் எரிந்ததை ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. பள்ளியை மூடினார்கள். ஒரு மதியம் எதிர்ப்புறக் கரும்புக் காடு பற்றி எரிந்தது. யார் வைத்த தீ என்று யாரும் கேட்கவில்லை. கருகிய சர்க்கரை வாசனை, கொடியில் காய்ந்த குழந்தைத் துணிகளின் மேல் கரிய தோகைச் சாம்பல். மெரே வருவது நின்றது. அவள் வெட்கப்பட்டாளா, நாங்கள் பயந்தோமா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

"போறதுன்னா இந்த வாரமே போயிடணும். அடுத்த வாரம் இந்த வயித்தோட ப்ளேன்ல ஏத்த மாட்டாங்க" என்றார் டாக்டர். மூன்றாம் நாள் வசந்தா ஊருக்குக் கிளம்பினாள். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். "பாடத்தை விட்டுடாதீங்க. நான் பாப்பாவோட வர்றப்ப அதுங்க மறந்திருக்கக் கூடாது."

விடவில்லை. தினமும் சாயந்தரம் ஐந்து மணிக்கு, கையெல்லாம் பவுடர் அப்பிய ஒரு மீசைக்காரன் கேசட்டை ஓடவிட்டுப் பூனைகளோடு உட்கார்ந்திருப்பான். முதலில் கருவாடு அடுப்புக்கடியில் ஒளிந்தான். நெத்திலி சீறினாள். ஒரு மாதம் கழித்து, அழுகை ஆரம்பித்தால் இருவரும் எங்கிருந்தாலும் வந்தார்கள். தூளிக்குக் கீழே வாலைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து, மேலே பார்த்தபடி இருந்தார்கள். அழுகை நின்ற பிறகும் எழவில்லை.

பெண் பிறந்த செய்தி வந்தது. அடுத்த வாரம் வசந்தாவே பேசினாள்.

"அதுங்க என்ன பண்ணுது?"

"தூளிக்குக் கீழ உட்கார்ந்திருக்கு."



"தூளிய அவுத்துடுங்க" என்றாள்.

திரும்பி வரப்போவதில்லை என்பதை இப்படித்தான் அவள் எனக்குச் சொன்னாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. அவிழ்க்க எனக்கு இரண்டு நாளானது.

குத்தகை முடிந்து நிலத்தை அதன் ஃபிஜியச் சொந்தக்காரர்களிடம் திரும்பக் கொடுத்த ராம்சாமி எனக்கு முன்பே ஆக்லாந்துக்குப் போய்விட்டார். போகிற அன்று பூனைகளைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கிளம்பும் நாள் வந்தபோது எனக்கு வேறு வழி இல்லை. ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அத்தனை மாதம் தாண்டாத ஆற்றைத் தாண்டி மெரேயின் வீட்டுக்குப் போனேன். அவள் கைநீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். உள்ளே பாயில் அவள் பையன் அழுதுகொண்டிருந்தான். கருவாடு பெட்டியிலிருந்து இறங்கினான். நேராகப் போய்ப் பாயின் ஓரத்தில் வாலைச் சுற்றி உட்கார்ந்தான். பின்னாலேயே நெத்திலி. "அரே, இதுங்களுக்கு இவனைத் தெரியுதே!" என்றாள் மெரே. தெரியாதா பின்னே. என்னிடம் படித்தவர்களில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் அந்த இரண்டு பேர்தான்.

மகளுக்கு இதெல்லாம் தெரியாது. "பழகிடுமாப்பா?" என்று கேட்டாள். "பழகிடும்" என்றேன்.

போனை வைத்த பிறகு மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. பல வருடமாகப் பேசாத ராம்சாமியை அழைத்தேன். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் கத்துவது பின்னால் கேட்டது. நலம் விசாரித்து முடித்து, அவர் குரலிலேயே கேட்டேன்: "ராம்சாமி, ஒங்க ஊட்டுல பூசை இருக்குதா?"

அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன்.

"இருக்குதே மாஸ்டர். வெள்ளிக்கிழமை சாயந்தரம். பண்டிட் ஒருத்தர் வர்றாரு" என்றார்.