ரோஹானா திருப்பி வாங்கப் போன ரிப்போர்ட்

சுங்கை பினாங்கில் மீ கோரேங் நூடுல்ஸ் விற்கும் ரோஹானா அக்காவுக்குக் கோர்ட் புதிதல்ல. விவாகரத்து என்று ஷரியா கோர்ட்டுக்குப் போனார். புருஷனையும் அவரையும் உட்காரவைத்துப் பேசியே தீர்த்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பிய சுவரால் சமையலறைக்குள் தண்ணீர் புகுந்தபோது சிவில் வழக்குப் போட்டார். அந்த மனுஷன் சுவரை இடித்ததும் வழக்கை வாபஸ் வாங்கினார். எதிராளியோடு ஒத்துப்போனால் எந்தக் கோர்ட்டும் விட்டுவிடும் என்று அக்கா முடிவு கட்டியிருந்தார்.

பக்கத்துக் கடைத் தேத்தண்ணீர்க்காரியான நானும் பெரிய மேதாவி மாதிரி அப்படித்தான் நினைத்தேன். கடையில் பங்கு கேட்டு வந்த அவர் தம்பி ஹைருல், இரும்புச் சட்டுவத்தால் அடித்து அவர் கையை உடைத்த அன்று, என் வாய் சும்மா இருக்கவில்லை.

"போலீஸ்ல ஒரு ரிப்போர்ட் போட்டு வைங்கக்கா. பயந்துருவான். அப்புறம் திருப்பி வாங்கிக்கலாம்லா."

எங்கள் பக்கத்தில் பாதி ரிப்போர்ட் மிரட்டுவதற்குத்தான். அக்காவும் போட்டார். மூன்றாம் நாள் ஹைருல் வந்து காலில் விழுந்தான், அக்கா மன்னித்தார். ஆனால் போலீஸ் மன்னிக்கவில்லை. வழக்கு கோர்ட்டுக்கு வந்துவிட்டது. நிரூபணமானால் ஹைருலுக்கு ஜெயில், ஜுரு ஊரில் அவன் பார்க்கும் வேலையும் போய்விடும் என்றார்கள்.

அக்காவும் நானும் அரசுத் தரப்பு வக்கீல் பிரஷாந்தியிடம் போய் நின்றோம்.

"நான்தான் மன்னிச்சிட்டேனே! என் கேஸ்தானே இது?" என்றார் அக்கா.

"இல்லக்கா. சுவர் கேஸ் உங்களோடது. இது அரசாங்கத்தோட கேஸ், நீங்க சாட்சி. மன்னிச்சத கோர்ட்டுல சொல்லுங்க, தண்டனை குறையலாம். ஆனா நடக்கவே இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பொய்ச் சாட்சியும் குற்றம்தான்."

"யாருக்காகம்மா இந்தக் கேஸ்?"

"அடுத்து அடி வாங்கப் போறவங்களுக்காகவும்தான்."

இப்படியும் ஒரு சட்டமா என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

விசாரணை நாளன்று கோர்ட் வாசலில் ஹைருலின் மனைவி நூருல், அக்காவின் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிடுங்கக்கா. ஒன்னும் கஷ்டம் இல்ல. நானும் கிளினிக்குல அப்படித்தான் சொன்னேன்."

அக்கா அவளையே பார்த்தார். "எப்போ?"

நூருல் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் உள்ளே பெயர் கூப்பிட்டுவிட்டார்கள்.

அக்கா சாட்சிக் கூண்டில் ஏறி நின்றதைப் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். எதிரே ஹைருல். அவன் சின்னவனாக இருந்தபோது மீ ஊட்டி வளர்த்ததும் இதே கைதான். கை எப்படி உடைந்தது என்று பிரஷாந்தி மலாயில் கேட்டார். அக்கா குனிந்து கட்டுப் போட்ட கையையே பார்த்தார். நீதிபதி தலையை நிமிர்த்திப் பார்த்தார். விழுந்துட்டேன்னு சொல்லித் தொலையேன் என்று என் பாழாய்ப்போன மனசு கத்தியது.

"சட்டுவத்தால் அடித்தான்," என்றார் அக்கா. "என் தம்பிதான். நான் மன்னித்துவிட்டேன். ஆனால் அடித்தான்."

ஹைருல் தலையைத் தொங்கப்போட்டான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நூருல் என்னைக் கடித்துக் குதறப் போகிறாள் என்று பயந்தேன். அவள் என் காதருகே குனிந்தாள்.

"அக்கா, ரிப்போர்ட் எங்க போய்ப் போடணும்?"