நாக்கில் புண்ணோடு ஒரு மதுரைச் சாப்பாட்டுச் சுற்று

மதுரையில் ஒரே நாளில் என்னென்ன சாப்பிடலாம், எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டு எனக்கு மாதம் நாலைந்து கடிதமாவது வரும். அப்படி ஒரு நாளைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஆனால் வழக்கமான பதிவு இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பன் பரோட்டாவின் படம் பார்க்க வந்தவர்கள் பழைய பதிவுகளுக்குப் போய்விடலாம். இந்த முறை நான் படமே எடுக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன். காரணம் எட்வின். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என் அறைத்தோழன். இப்போது பசுமலையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். நாக்கின் இடது பக்கம் புற்றுநோய். புதன்கிழமை காலை அறுவை சிகிச்சை. முந்தின நாள் மாலை ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும். பாதி நாக்கை எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து சதை எடுத்து வைத்துத் தைப்பார்களாம். அதற்குப் பிறகு ருசி எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

“செவ்வாக்கெழம பகல் பூரா நான் ஃப்ரீதான் மாப்ள. வா, ஒரு ரவுண்டு போவோம்” என்று போனில் கூப்பிட்டான். பேச்சு ஏற்கெனவே கொஞ்சம் குழறியது.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மதுரைப் பதிவுகளில் நீங்கள் இத்தனை வருடமாகப் பாராட்டுகிற ருசிக் குறிப்புகள் எதுவும் என்னுடையது இல்லை. எனக்கு அந்த நாக்கு கிடையாது. எதைத் தின்றாலும் “நல்லாருக்கு” என்பேன். எட்வினுக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். “நல்லாருக்குன்னா என்னடா அர்த்தம்? உப்பு நல்லாருக்கா, எண்ணெ நல்லாருக்கா, இல்ல ஒன் பசி நல்லாருக்கா?” என்று எகிறுவான். பிறகு அவனே ஒவ்வொன்றாகச் சொல்வான். நான் போனில் குறித்துக்கொண்டு வந்து என் பெயரில் போட்டுக்கொள்வேன். பதிவில் அவன் வெறும் ‘நண்பர்’. அவனும் ஏன் என்று கேட்டதில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். திங்கள் இரவு சென்னையில் ரயில் ஏறினேன், ஸ்லீப்பர் 335 ரூபாய். காலை 5.40க்கு மதுரை. ஜங்ஷன் வாசலில் பசுமலைக்கு ஆட்டோ இருநூற்றைம்பது கேட்பார்கள். பேரம் பேசிக் குரலை வீணாக்காமல் பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுங்கள், பத்து நிமிஷம். திருமங்கலம் பக்கம் போகிற டவுன் பஸ்கள் பசுமலையில் நிற்கும். ஐந்து கிலோமீட்டர், பத்து ரூபாய். ஆறரைக்கு எட்வின் வீட்டில் இருந்தேன்.

அவன் மனைவி கிரேஸ் ஒரு பெரிய பிளாஸ்கில் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றி வைத்திருந்தார். எட்வின் சட்டை மாற்ற உள்ளே போனதும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அண்ணே, காரம் மட்டும் வேணாம்ணே. ஒரு சொட்டுப் பட்டாலும் ராப்பூரா முழிச்சுக் கெடக்காரு. நாளைக்கு ஆபரேசன். கேட்டாலும் குடுத்துராதீங்க.”

“நான் பாத்துக்கிறேன்மா” என்றேன்.

“ஏழு மணிக்கு நான் பையோட ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பேன். நேரா அங்க கூட்டியாந்துருங்க.”

எட்வினுக்குத் தெரிந்த பாண்டி அண்ணன் நாள் முழுக்க ஆட்டோ ஓட்ட ஒப்புக்கொண்டார், ஆயிரத்து நூறு ரூபாய். முதலில் மேலமாசி வீதிப் பக்கம் ஓர் இட்லிக் கடை. வெளியூர்க்காரர்கள் இங்கே ஒரு பழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரையில் தண்ணிச் சட்னியைக் கேட்டு வாங்குவதில்லை. இலையில் இட்லி விழுந்த அடுத்த நொடி வாளியோடு ஒருவர் வந்து இட்லி முழுகுகிற அளவுக்கு ஊற்றிவிட்டுப் போவார். கொஞ்சமாக ஊற்றினால்தான் இங்கே மரியாதைக் குறைவு. ஆர்டர் எடுத்தவரிடம் காரம் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன். வாளிக்காரர் வேறு ஆள். நான் கையை நீட்டுவதற்குள் எட்வினின் நாலு இட்லியும் மூழ்கிவிட்டன.

“காரம் வேணாம்னு சொன்னமேண்ணே!”

“இதுல எங்க சார் காரம்? பச்சப்புள்ள குடிக்கும்!”

வேறு இலை போடச் சொல்லி, தொட்டுக்கொள்ளச் சீனி கேட்டேன். வாளிக்காரர் எட்வினைப் பார்த்துச் சிரித்தார். “சார் எல்கேஜியா?” பக்கத்து மேஜையிலும் சிரித்தார்கள். எட்வினும் வாயைத் திறக்காமல் சிரித்தான். எனக்குத்தான் அந்த மனிதர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவருக்கு என்ன தெரியும், பாவம்.

மூழ்கிய இட்லியை எட்வின் என் பக்கம் தள்ளினான். “நீ சாப்டு. சாப்ட்டுட்டுச் சொல்லு.”

“நல்லாருக்கு” என்றேன், பழக்கதோஷத்தில். முறைத்தான். பிறகு இலைமேல் குனிந்து மோந்து பார்த்து, “பொட்டுக்கடல கூடிப்போச்சு. தேங்கா நேத்து ஒடச்சது” என்றான். சீனியில் தொட்டு இரண்டு இட்லியை முக்கால் மணி நேரம் சாப்பிட்டான். இருவருக்கும் நூற்றிருபது ரூபாய்.

அடுத்து கீழக்குயில்குடி, நகரத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் மேற்கே. சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளத்தை ஒட்டி ஓர் அம்மா தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்கிறார், காலை பதினொன்று வரைக்கும்தான் இருக்கும், இருபது ரூபாய். மேலே தூவுகிற சுக்குப்பொடி எரியும் என்பதால் அது வேண்டாம் என்றான் எட்வின். அந்த அம்மா அவன் வாயை ஒரு தடவை பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றிக் கொடுத்தார்.

மலைக்கு ஏறவில்லை. ஆலமர நிழலில் உட்கார்ந்தோம். அங்கேதான் நான் பேச்சை எடுத்தேன். போன வருடம் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பன் பரோட்டா சாப்பிட்டதைப் பற்றி எழுதியிருந்தேன், நினைவிருக்கும். அன்றைக்கு முதல் வாயிலேயே எட்வின் முகத்தைச் சுளித்து, “எடது பக்கம் சுருக்குங்குதுடா” என்றான். நான் அதை வைத்து ஒரு வேடிக்கை பண்ணினேன். ‘சால்னா நண்பரின் நாக்கையே பதம் பார்த்துவிட்டது, கடைக்காரர் பார்சலோடு ஒரு கட்டு மணத்தக்காளிக் கீரையும் தர வேண்டும்’ என்று எழுதினேன். நிறையப் பேர் சிரித்திருந்தீர்கள்.

“அத கிரேஸ்தான் எனக்கு வாசிச்சுக் காட்டுனா” என்றான் எட்வின். “சிரிச்சுட்டு மறுநாளே கீர வாங்கியாந்துட்டா. ஆறு மாசம் தின்னேன் மாப்ள. மணத்தக்காளி, தேங்காப்பாலு, விட்டமின் மாத்திர. சூட்டுப் புண்ணு ஆறிரும்னு.”

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“நீ எழுதலைன்னாலும் அதத்தான் தின்னுருப்பேன். இந்த ஊர்ல வாய்ப்புண்ணுக்கு எவன் டாக்டர்ட்ட போறான்?” என்றான். அது உண்மைதான். உடைந்த கடைவாய்ப் பல் ஒன்று அதே இடத்தில் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பல்லைப் பிடுங்கப் போன இடத்தில்தான் பல் டாக்டர் புண்ணைப் பார்த்துப் பதறியிருக்கிறார். ஆனாலும் அந்த ஆறு மாதத்தில் என் வரிக்கும் ஒரு பங்கு உண்டு. அதை அவன் இல்லை என்று சொல்லவில்லை, நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை.

மதியம் ஒரு மணிக்கு நகரத்துக்குள் ஒரு மெஸ். எனக்குக் கறி தோசை, நூற்றெழுபது ரூபாய். அவனுக்குப் பிளாஸ்க் கஞ்சி. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், நான் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டான். “ஓரத்த மொதல்ல கடி. மொறுமொறுப்பு இருக்கா? கறி நாரா வருதா, உதிருதா?” அவன் தோசையைப் பார்க்கவில்லை, என் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுங்குவது லேசான காரியம் இல்லை. பாதியில் இலையை மூடினேன். “வீணாக்காத” என்று திட்டினான்.

அந்த நாளில் நல்லதாக அரை மணி நேரம் கிடைத்தது என்றால் அது மூன்றரை மணிக்கு, விளக்குத்தூண் பக்கம். ஜிகர்தண்டா, ஐம்பது ரூபாய். குளிர்ச்சியில் புண் மரத்துப்போனது. “அப்பா, எம்புட்டு நாளாச்சு” என்று கண்ணை மூடிக்கொண்டான். இரண்டு கிளாஸ் குடித்தான். நன்னாரி சர்பத் சரியாக இருக்கிறது, பாலை இன்னும் பத்து நிமிஷம் காய்ச்சியிருக்கலாம் என்றான். பாண்டி அண்ணனுக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்தோம்.

ஐந்தரைக்கு வண்டியூர் தெப்பக்குளம். சுற்றுச்சுவரில் உட்கார இடம் கிடைப்பது இப்போதெல்லாம் கஷ்டம். நாலு பக்கமும் வண்டிக் கடைகள், மோமோ, ஷவர்மா, ஃப்ரைடு ரைஸ், வறுத்த எண்ணெய்ப் புகை. காற்று திரும்பியபோது சால்னா வாசம் வந்தது. எட்வின் எழுந்தான். போன வருடத்துக் கடை.

“ஒரே ஒரு வாய்.”

“கிரேஸுக்கு வாக்குக் குடுத்துருக்கேன் எட்வினு.”

“எரியும்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சே எதுக்கு?”

“நாளைக்கு இந்நேரம் எரியணும்னு நான் நெனச்சாலும் எரியாது மாப்ள” என்றான். “எரியிற நாக்கு இன்னிக்கு இருக்கு.”

இரண்டு பன் பரோட்டா, தொண்ணூறு ரூபாய், நானே வாங்கினேன். ஒரு சின்னத் துண்டைப் பிய்த்து சால்னாவில் முக்கி, வலது பக்கமாக வைத்து மெதுவாக மென்றான். எப்படியும் இடது பக்கம் பட்டுவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சுவரைப் பிடித்துக் குனிந்துகொண்டான். பாண்டி அண்ணன் ஜூஸ் கடைக்கு ஓடி ஐஸ் கட்டி வாங்கி வந்தார். “என்ன சார் நீங்க, படிச்சவுக இப்பிடியா பண்ணுவீக?” என்று என்னைத்தான் கேட்டார். எட்வின் துப்பவில்லை. விழுங்கிவிட்டு, ஐஸை வாயில் ஒதுக்கிக்கொண்டு, என் சட்டைப்பையில் இருந்த போனைக் காட்டினான்.

“எழுதிக்க. போன தடவைக்குக் கசகசாவக் கொறச்சுட்டான். சோம்பு தூக்கல். பன்னு இன்னும் கொஞ்சம் வெந்துருக்கணும்.”

எழுதிக்கொண்டேன். அந்தக் கடையைப் பற்றிய குறிப்பு இதுதான். சொன்னது எட்வின்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஏழு பத்து ஆகிவிட்டது. கிரேஸ் வாசலில் பையோடு நின்றிருந்தார். அவன் சிவந்த கண்களைப் பார்த்தார், பிறகு என்னை. “ஏண்ணே?” என்று மட்டும் கேட்டார்.

இனி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாய்ப்புண், பல் பிரச்சினை, வயதானவர்கள் என்று யாரையாவது கூட்டிக்கொண்டு போனால் மதுரையில் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, பருத்திப்பாலும் ஜிகர்தண்டாவும் இருக்கின்றன. இட்லிக் கடையில் ஆர்டர் எடுப்பவரிடம் சொன்னால் போதாது. வாளிக்காரர் வரும்போது இலையைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். தெப்பக்குளத்துக்கு ஐந்து மணிக்கு முன்னால் போனால் உட்கார இடம் கிடைக்கும். மூன்று வாரத்தில் ஆறாத புண் வாயில் இருந்தால் மணத்தக்காளியைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அந்தப் பழைய பதிவில் என் வேடிக்கை வரியை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே இதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்பது நாள் கழித்து மறுபடி மதுரைக்குப் போனேன். எட்வினுக்கு மூக்கு வழியாகக் குழாய், கழுத்தில் கட்டு, முன்கையில் கட்டு. பேச முடியாது. மடியில் ஒரு நோட்டும் பேனாவும். கிரேஸ் என்னிடம் பேசினார், நாற்காலி எடுத்துப் போட்டார். எட்வின் நோட்டில் எழுதிக் காட்டினான்: ‘சாப்ட்டியா?’

“கீழ கேன்டீன்ல. இட்லி.”

‘எப்டி?’

“நல்லாருக்கு.”

பேனா நோட்டில் குத்தியபடி நின்றது. ‘நல்லாருக்குன்னா?’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டான்.

உண்மையில் எனக்கு ஒன்றுமே நினைவில்லை. இரண்டு மாடி இறங்கிப் போய் இன்னொரு ப்ளேட் வாங்கினேன். போனைத் தொடாமல், ஒவ்வொரு வாயையும் நாக்கில் வைத்துப் பார்த்துச் சாப்பிட்டேன். மேலே வந்து சொன்னேன். மாவு புளித்துவிட்டது, இட்லி ஓரம் காய்ந்திருக்கிறது, சட்னியில் உப்பு பத்தவில்லை, பச்சை மிளகாய் அடித்தொண்டையில்தான் தெரிகிறது. எட்வின் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும் எழுதினான்: ‘சட்னில இஞ்சி இருக்கா?’

“கவனிக்கலடா.”

பேனாவால் கதவைக் காட்டினான். நான் மறுபடியும் கீழே இறங்கினேன்.