இளமாறன் வாத்தியாருக்குக் கருவாடு

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஷேர் ஜீப் ஓட்டும் கோகிலவாணியைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் குறைவு. அப்படி யாராவது ஏறிவிட்டால் முதல் கொண்டை ஊசி வளைவுக்குள் கேட்டுவிடுவார்கள்: "பொம்பளப் புள்ள வண்டி ஓட்டுது! யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?" முப்பத்தைந்து வயதில் கல்யாணம் வேண்டாம் என்று இருக்கும் ஒருத்தியிடம் அடுத்து என்ன கேட்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. வளைவுக்கு ஒரு கேள்வி. மலை ஏறி முடிக்கும்போது ஜீப்பைவிட அவளுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கும்.

சனி, ஞாயிறுகளில் அருவி பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் வேறு ரகம். "என்ன அமைதி! நம்மை யாருக்குமே தெரியாத இடம்" என்று ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொள்வார்கள். கண்ணாடியில் அவர்களைப் பார்க்கப் பார்க்கக் கோகிலவாணிக்குப் பொறாமையாக இருக்கும். இவர்களுக்கு என் மலை இருக்கிறது, எனக்கு எது இருக்கிறது?

ஜீப் எஞ்சின் வேலைக்காகப் பட்டறையில் படுத்துக்கொண்டபோது அவள் அந்தமானுக்குக் கிளம்பினாள். போர்ட் பிளேரிலும் தங்குவதாக இல்லை. அங்கிருந்து படகேறி, அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு குட்டித் தீவுக்குப் போவதாகத் திட்டம்.

அப்பா ராமசாமி கரும்பு போடுகிறவர். மூங்கில்துறைப்பட்டு ஆலை வாசலில் டிராக்டர் வரிசையில் காத்திருந்தே பொறுமை பழகியவர். மகளிடம் மட்டும் அது செல்லுபடியாகாது.

"தனியாவா போற?"

"ஆமாப்பா."

"அங்க இன்னா கீது?"

"ஒண்ணும் இல்லியாம். அதான் போறேன்."

ராமசாமி துண்டை உதறித் தோளில் போட்டார். "போ. ஆனா யாரு வூட்டுப் பொண்ணுன்னு எவனாவது கேட்டா எம்பேர மட்டும் சொல்லிடாத. ராமசாமி பொண்ணு தனியா ஊரச் சுத்திக்கினு கீதுன்னு ஆலை வரைக்கும் பேசுவானுங்க."

"யாரும் கேக்காத எடத்துக்குத்தாம்ப்பா போறேன்."

தீவு அவள் ஆசைப்பட்டபடியே இருந்தது. ஒரே ஒரு தார்ச்சாலை, எப்போதாவது வரும் ஒரு பஸ், வாடகைக்கு பிரேக் இல்லாத ஒரு சைக்கிள். மலைப்பாதையில் ஜீப் இறக்குகிறவளுக்குச் சமதரையில் பிரேக் எதற்கு? மணல் தடம் எங்கே பிரிந்தாலும் சைக்கிளைத் திருப்பினாள். தோப்பு முடிந்த இடத்தில், நண்டுத் தடத்தைத் தவிர வேறு தடமே இல்லாத ஒரு கரை கிடந்தது. சுடிதாரோடு தண்ணீருக்குள் இறங்கி, அலை முதுகில் மோத மோத உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது அவள் செருப்பில் சங்கைச் சுமந்த ஒரு நண்டு குடியேறியிருந்தது. அதுகூட அவளை ஒன்றும் கேட்கவில்லை.

தொல்லை டீக்கடையில்தான் இருந்தது. முதல் நாள் காலையிலேயே கடைக்காரர் தனசேகரன் யாரிடமோ, "சக்கர கம்மியா போடவா, ஜாஸ்தியா போடவா?" என்று கேட்டது காதில் விழுந்தது. கோகிலவாணிக்குப் பகீரென்றது. நம்ம பக்கத்துப் பேச்சு! வாயை இறுக மூடிக்கொண்டு ஒரு விரலைக் காட்டினாள். அவர் இந்தியில் பேசிப் பார்த்தார். தலையாட்டினாள். வங்க மொழியில் பேசினார், தெலுங்கில் பேசினார். அதற்கெல்லாமும் தலையாட்டினாள். தமிழில் மட்டும் அவர் கேட்கவே இல்லை. காரணத்தைப் பெஞ்சில் இருந்த படகுக்காரர் பிச்சைமுத்துவிடம் அவரே சொன்னார்: "நம்ம பொண்ணா இருந்தா இம்மாந்தூரம் தனியா வருமா?"

அதன்பிறகு தினமும் காலையில் அவளை எதிரே உட்காரவைத்தே அவளைப் பற்றிப் பேசினார்கள்.

"லவ்வு பெயிலியருப்பா. மூஞ்சியப் பாரு."

"இல்ல தனசேகரு, பேங்க் ஆபீசரு. பையப் பாரு."

"பேச்சே வரல, பாவம். ஊமைபோல."

பஜ்ஜியில் உப்பு இல்லை என்பதைக்கூடச் சொல்ல வழியில்லாமல் கோகிலவாணி மென்று விழுங்கினாள்.

இப்படியே நாலு நாள் தாக்குப்பிடித்தாள். மறுநாள் பிச்சைமுத்து, தனசேகரனின் சொந்த ஊரைப் பற்றி விசாரித்தார்.

"தியாகதுருகம் பக்கம். மேக்கால கல்ராயன் மலை. மேல வெள்ளிமலைன்னு ஒரு ஊரு. அங்க வண்டியெல்லாம் ஏறாது. இன்னிக்கும் கழுததான்."

கிளாஸ் பெஞ்சில் டொக்கென்று இறங்கியது.

"இன்னாது, கழுதையா? தெனம் ரெண்டு தபா நான் ஜீப்ப ஏத்தி எறக்கிக்கினு கீறேன், கழுதைன்றீங்க?"

பிச்சைமுத்துவின் பஜ்ஜி மணலில் விழுந்தது. தனசேகரன் ஆற்றிய டீ அவர் கையிலேயே ஊற்றிக்கொண்டது. சூட்டை உணருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது: "நம்மூரா! யாரு வூட்டுப் பொண்ணும்மா நீ?"

கடல் தாண்டியும் அந்தக் கேள்வி துரத்தி வந்துவிட்டது. அப்பாவின் பேரைச் சொல்லக் கூடாது. வாயில் வந்ததைச் சொன்னாள்: "ரிஷிவந்தியம். இளமாறன் வாத்தியார் பொண்ணு."

அப்படி ஒரு வாத்தியாரை அவளுக்குத் தெரியாது.

"அட, இளமாறன் சாரா!" தனசேகரன் காதைத் தடவிக்கொண்டார். "எனுக்குக் கணக்கு எடுத்தவராச்சே! திருகினாருன்னா ரெண்டு நாளு எரியும்!"

இப்போது பஜ்ஜியைக் கீழே விட்டது கோகிலவாணி. ஊரைவிட்டு வந்து இருபது வருஷமானவருக்கு, நிஜமோ இல்லையோ, ஊர்ப்பக்கத்து வாத்தியார் ஒருவர் கிடைத்திருக்கிறார். யார் என்ன என்று ஆராய அவருக்கு மனசு வரவில்லை. அதில் ஒரு நன்மையும் இருந்தது. "சாரு பொண்ணு. தொண தொணன்னு கேக்காத" என்று பிச்சைமுத்துவையே அவர் அதட்டி வைத்தார். மிச்ச நாளெல்லாம் கோகிலவாணி இல்லாத ஒருவரின் மகளாக, ஒரு கேள்வியும் இல்லாமல் தீவைச் சுற்றினாள்.

கிளம்பும்போது தனசேகரன் அவள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு ஒரு பெரிய பொட்டலத்தைக் கொடுத்தார். "கருவாடு. சார்கிட்ட குடும்மா."

கப்பலிலும் பஸ்ஸிலும் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. பக்கத்திலேயே உட்காரவில்லை.

வீட்டில் கருவாட்டுக் குழம்பைப் பிசைந்துகொண்டே ராமசாமி முழுக்கதையையும் கேட்டார். "எம்பேரச் சொல்லாதன்னுதானே சொன்னேன். அப்பனையே மாத்திட்டியா?"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. வீடியோ கால், தனசேகரன். "சார் இருக்காருங்களாம்மா? ஒரு வார்த்த பேசணும்."

கோகிலவாணி போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். தூங்குகிறார் என்று சொல்ல வாயெடுத்தாள். ராமசாமி கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் போனைப் பிடுங்கினார். அவர் படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. அதிலும் கணக்கில் தேறியதில்லை.

"இன்னாடா தனசேகரா, கணக்கு இப்பவாச்சும் வருதா?"

அந்தப் பக்கம் தனசேகரன் எழுந்து நின்றுவிட்டார். "சார்! கொஞ்சங்கூட மாறல சார் நீங்க!"

பேசி முடித்து, ராமசாமி இன்னொரு துண்டு கருவாட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். நல்ல சுவை. மகள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்:

"அடுத்த தபா எங்க போற?"

"இன்னும் முடிவு பண்ணலப்பா."

"எங்கியாச்சும் போ. ஆனா என்னைத் தாசில்தாருன்னு சொல்லு."