சத்தம் போடாத மில்

பரந்தனிலிருந்து கிழக்கே போகிற கிரவல் பாதையில் விவசாயிகள் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமான நெல் மில் இருந்தது. எண்பத்து மூன்றாம் ஆண்டு கடைசியில் கதிர்காமநாதன் அதற்கு மனேச்சராக வந்தார். நாற்பத்தாறு வயது. அதற்கு முன் பதினெட்டு வருஷம் கொழும்பில் ஓர் இரும்புச் சாமான் கடையில் ஸ்டோர்கீப்பர். அந்த வருஷம் தமிழரைத் தேடித் தேடி அடித்த ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. மனிதர் உடுத்த உடுப்போடு அகதிக் கப்பலில் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். சொந்த ஊரில் அண்ணன் வீட்டில் நாலு நாள் இருக்கலாம். ஐந்தாம் நாள் அண்ணியின் முகம் போகிற போக்கு யாருக்குத் தெரியாது? வன்னியில் இந்த மில் வேலை இருக்கிறது என்றதும், மனைவி விமலேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

மில்லில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. நெல்லை ஊறவைத்து, அவித்து, வெளியே சீமெந்துக் களத்தில் பரப்பிக் காயவைத்து, பிறகு குற்ற வேண்டும். வில்லங்கம் எல்லாம் அந்தக் களத்தில்தான். அவித்த நெல் மழையில் நனைந்தால் புளித்து நாறும், கோழிக்குப் போட்டாலும் யோசித்துத்தான் தின்னும். அதனால் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது. முகிலை முதலில் காண்பவர் யாராக இருந்தாலும் “மழை” என்று கத்தவேண்டும். கொதிகலன் பார்க்கிற கணபதி ஒரு தகரத்தை எடுத்து அடிப்பார். பெண்கள் ஓடுவார்கள், மூட்டை சுமப்பவர்கள் ஓடுவார்கள், நெல் கொடுக்க வந்த கமக்காரனும் மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவான். ஐந்து நிமிஷத்தில் களம் முழுவதும் குவிந்து, தார்ப்பாய்ப் படங்கால் மூடியிருக்கும்.

கதிர்காமநாதன் வந்த இரண்டாம் கிழமை மாரி மழை இறங்கியது. அவர் தன் அலுவலக அறையான கந்தோருக்குள் இருந்தார். வெளியே திடீரென்று கத்தல், தகரத்தில் அடி, நிறையப் பேர் ஓடுகிற காலடி. அதன் பிறகு என்ன நடந்தது என்று அவருக்குச் சரியாகத் தெரியாது. நினைவு வந்தபோது அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் குந்தியிருந்தார். கொழும்புக் கடையின் மாடிப்படிக்குக் கீழே, பெயின்ற் வாளிகளுக்கு நடுவில் நாலு மணித்தியாலம் குந்தியிருந்தாரே, அதே மாதிரி. அப்போதும் வெளியே கத்தினார்கள், தகரத்தில் அடித்தார்கள், ஓடினார்கள்.

எழும்பி, முகத்தைத் துடைத்து, வெளியே வந்தார். வெட்கத்தை மறைக்க மனிதனுக்குக் கோபத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

“இதென்ன, மில்லோ சந்தையோ? இனிமேல் இஞ்ச ஒருத்தரும் கத்தக்கூடாது. தகரம் அடிக்கக்கூடாது. ஓடக்கூடாது. விளங்கிச்சுதோ?”

விளங்கியது. களத்தில் வேலை செய்த ஏழு பெண்களும் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தில் அடிபட்டு வந்தவர்கள். மில்லுக்குப் பின்னால் காட்டை வெட்டிக் குடிசை போட்டிருந்தார்கள். இந்த மில்லை விட்டால் அவர்களுக்கு வேறு வேலை இல்லை. அவர்களில் மூத்தவள் பேச்சியம்மா, மனேச்சருக்கு இரண்டு மூன்று வயது இளையவளாக இருப்பாள். “சரிங்கய்யா” என்றாள். அவ்வளவுதான்.

மெல்ல மெல்ல மில்லே மாறிப்போனது. பெண்கள் சத்தம் வராமல் வாளியைச் சாக்கின் மேல் வைக்கப் பழகினார்கள். கணபதி கந்தோர்க் கதவின் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டார். களத்தில் நடந்த கதையும் சிரிப்பும் நின்று, கையால் காட்டுகிற பாஷை வந்தது. சங்கத்துத் தலைவர் யோகநாதன் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, “ஐசே, கோயில் மாதிரியெல்லோ வைச்சிருக்கிறீர்” என்று மெச்சினார். கதிர்காமநாதனும் அதை ஒழுங்கு என்றே நம்பினார். வீட்டில் மட்டும் அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. படுத்தால் நித்திரை இல்லை. பாத்திரம் ஒன்று விழுந்தாலும் விமலேஸ்வரி மேல் பாய்வார், பிறகு சாப்பிடாமல் இருப்பார். “ஒருக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கோவன்” என்று அவள் சொல்லிச் சொல்லியே களைத்துப்போனாள்.

எண்பத்தைந்து பங்குனி. காலபோக அறுவடை நெல் வந்து குவிந்திருந்த நேரம். அன்று களத்தில் நாற்பது மூட்டை நெல் காய்ந்தது. மத்தியானம் திரும்ப, தெற்கே முகில் கருக்கட்டியது. கதிர்காமநாதன் கந்தோரில் கதவைச் சாத்திக்கொண்டு காகிதம் பார்த்திருந்தார். ஓட்டில் மழை விழுந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். யன்னலால் பார்த்தால், ஏழு பெண்களும் மழைக்குள் நின்று பலகையால் நெல்லை இழுக்கிறார்கள். ஒருத்தியும் ஓடவில்லை. காலை வைத்து வைத்து, ஊர்வலத்தில் போகிற மாதிரி நடக்கிறார்கள். கணபதியும் இன்னொருவரும் படங்கை நிலத்தில் படாமல் தூக்கிக்கொண்டு மெதுவாக வருகிறார்கள். படங்கு வந்து சேர்வதற்குள் பாதி நெல் தண்ணீரில் மிதந்தது.

“என்ன சோம்பல் இது” என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சூட்டிலேயே சங்கத்துக்கு அறிக்கை எழுதினார். தொழிலாளரின் கவனயீனத்தால் நெல் பழுதானது என்று ஒரே வரி.

மூன்றாம் நாள் நிர்வாகசபை மில்லிலேயே கூடியது. களத்திலிருந்து புளித்த நெல்லின் நாற்றம் கந்தோர் வரை வந்தது. யோகநாதன் பெண்களைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“ஆருடைய பிழை இது? முகில் கட்டினதை ஒருத்தரும் காணேல்லையோ?”

பேச்சியம்மா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். “பார்த்தோங்க. எங்க கவனக்குறைவுதாங்க.”

“அப்ப நாளையில இருந்து ஒருத்தரும் வேலைக்கு வரத் தேவையில்லை. வேறு ஆக்களைப் பாப்பம்.”

கதிர்காமநாதன் பேச்சியம்மாவைப் பார்த்தார். ஐயாதானே கத்தக்கூடாது என்றீர்கள் என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால், அவர் கோபித்துக்கொண்டு தப்பியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. ஏழு பேரும் சொல்லவில்லை. போகிறதென்றே தீர்மானித்த மாதிரி ஒருத்தி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். இந்த வாயடைப்பு, தானே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“தலைவர், பொறுங்கோ” என்று எழும்பினார். “அவையளில ஒரு பிழையும் இல்லை. கத்தக்கூடாது, ஓடக்கூடாது எண்டு நான்தான் சொன்னனான். அந்த அறிக்கையைக் கிழியுங்கோ.”

“ஏன் அப்பிடிச் சொன்னனீர்?”

“எனக்குச் சத்தம் கேக்க ஏலாது. ஆக்கள் கத்திக்கொண்டு ஓடினால், கொழும்பில வந்தவங்கள் திரும்ப வாறாங்கள் எண்டு இருக்கும். கை கால் நடுங்கும். நான் அலுமாரிக்குப் பின்னால போய் ஒளிச்சனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

சபையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, மற்றவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். யோகநாதன், பெண்கள் வேலையில் நிற்கட்டும், மனேச்சர் விஷயம் அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்று சொல்லி எழும்பினார். பேசினால் என்ன முடிவு வரும் என்று கதிர்காமநாதனுக்குத் தெரியும். அதைப்பற்றி யோசிக்கக்கூட அவருக்குத் தென்பில்லை.

எல்லோரும் போனபின் களத்து ஓரத்தில் போய் உட்கார்ந்தார். பேச்சியம்மா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, சத்தமில்லாமல் சாக்கின் மேல் வைத்தாள்.

“என்னில இவ்வளவு பயமோ உங்களுக்கு?” என்று கேட்டார். “நாற்பது மூட்டை நெல் நனையேக்கையும் வாய் திறக்க ஏலாத அளவுக்கு?”

“பயம் இல்லீங்கய்யா.” அவள் கொஞ்சம் தயங்கினாள். “மொத மழைக்குப் படங்கு எடுக்க நான்தான் கந்தோருக்குள்ள வந்தேன். நீங்க அலுமாரிக்குப் பின்னால காதைப் பொத்திக்கிட்டு இருந்தீங்க. அப்பவே எனக்கு விளங்கிருச்சு. எழுபத்தேழுல தோட்டத்துல நாங்க குடியிருந்த லயத்தக் கொளுத்தினப்போ எங்க வீட்டுக்காரர் தேயிலைக்குள்ள அப்படித்தான் இருந்தாரு.”

கதிர்காமநாதன் செம்பைத் தொடவில்லை.

“முந்தாநாளு முகிலப் பார்த்ததும் இந்தப் புள்ளைங்க கத்தப் பார்த்துச்சுங்க. நான்தான் வாயைப் பொத்தினேன். ஓடாதீங்கடி, ஐயாவுக்குக் காலடி கேக்கும்னேன். நடந்தே அள்ளிரலாம்னு நெனச்சோம். முடியலைங்க.”

பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு அடிமேல் அடி வைத்து நடப்பார்களே, ஒன்றேகால் வருஷமாக ஒரு மில்லே தன்னைச் சுற்றி அப்படி நடந்திருக்கிறது. அவர் அதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்திருந்தார்.

“உங்கட மனுசனுக்கு,” என்று கேட்டார், “இப்ப சுகமோ?”

“இல்லீங்கய்யா. ராத்திரியில இன்னும் எந்திரிச்சு உக்காந்துருவாரு. நாங்களும் எந்திரிச்சுப் பக்கத்துல உக்காந்துக்குவோம்.”

கதிர்காமநாதன் அழுதார். அடக்கப் பார்த்து, முடியாமல், வாய்விட்டுச் சத்தமாகவே அழுதார். குடிசைப் பக்கம் போய்க்கொண்டிருந்த மற்ற ஆறு பேரும் திரும்பி வந்தார்கள். ஈர நெல்லைத் தள்ளிவிட்டு, அவருக்குக் கொஞ்சம் தள்ளி ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.