தண்ணீரில்தான் ஆசிட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு பத்து. கோட்டைப்பட்டினத்தில் பேட்டரிக் கடை வைத்திருக்கும் அந்தப் பெண்ணிடம் முதலில் என் கண்ணில் பட்டவை சேலையிலிருந்த ஓட்டைகள். எல்லாம் கந்தக அமிலம் தெறித்து விழுந்தவை. வயது ஐம்பது இருக்கும்.

படகுக்காரர் ஒருவர் பேட்டரியைக் கொண்டுவந்து இறக்கினார். தண்ணீர் குறைந்தபோது உப்புக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியிருக்கிறார், எஞ்சின் கிளம்பவில்லை. விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் முறை; நாளை கடலுக்குப் போகாவிட்டால் அடுத்து புதன்கிழமைதான்.

“பேட்டரிய உப்புக்கண்டம் போட்டுட்டீங்களேண்ணே!” என்றபடி அந்தப் பெண் பழைய அமிலத்தை வடித்துக் கழுவினார். பிறகு பிளாஸ்டிக் வாளியில் வாலைவடிநீரை எடுத்து, அதில் புது அமிலத்தை நூல்போல ஊற்றிக் கலக்கினார். வாளி சுட்டது.

“ஆசிட்டுல தண்ணிய ஊத்துனா வெரசா முடிஞ்சிராதா தங்கச்சி?”

“முடியும்ண்ணே. கொதிச்சு ஒங்க மூஞ்சிக்கு வந்து முடியும்.”

அவ்வப்போது வாளியின் வெளிப்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். “இன்னும் ஆறலை” என்பார். படகுக்காரர் எத்தனை முறை எழுந்து நின்றும் அவர் அசையவில்லை. சூடு முழுக்க அடங்கிய பிறகே அடர்த்தி பார்க்கும் கண்ணாடிக் குழலை எடுத்தார். மிதவை சரியான கோட்டில் நின்றது. பேட்டரியை நிரப்பிச் சார்ஜில் போட்டார்.

மறுநாள் விடிந்ததும் அந்தப் பெண்ணோடு கரைக்குப் போனேன். படகுக்காரர் சாவியைத் திருப்பிய முதல் திருப்பிலேயே எஞ்சின் உறுமியது.

“ஜெயிச்சுட்ட தங்கச்சி!” என்று படகிலிருந்து குரல் வந்தது.

அந்தப் பெண் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினார். அவற்றில் ஒரு தழும்பும் இல்லை.